பிள்ளைகளின் விசுவாசமும் வீட்டு வழக்கங்களும்

திருவண்ணாமலை நகரிலிருந்து செங்கம் செல்லும் சாலையில், மலையின் தென்புற அடிவாரத்தில் ரமணாசிரமம் அமைந்துள்ளது. அதனை அடுத்த தெருக்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவும் வாழ்கின்றன. ஆசிரியப்பணி புரிவோர், செவிலியர், அரசு அலுவலர், ஆட்டோ ஓட்டுவோர், சிறு கடை வைத்திருப்போர் எனப் பலதிறத்தாரும் இவர்களுள் உளர். இவர்தம் பிள்ளைகள் வளரும் சூழலை நம் இறையியல் மாணவர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். திங்கள்தோறும் முழுநிலா நாளில், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் மக்கள் இலட்சக்கணக்கில் நடக்கின்றனர். கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் ஏற்றப்படும் விளக்கு பல நாட்கள் தொடர்ந்து எரிகின்றது. அண்டை வீட்டு வாசலில் விடியலில் கோலமும் அந்தியில் விளக்கும் நாள் தவறாமல் இடம்பெறுகின்றன. இவற்றினிடையே வளரும் கிறிஸ்தவப் பிள்ளையின் விசுவாசம் எங்கே வேர் கொள்கிறது? “ஞாயிறு பள்ளியில்” என்பதே நம்மில் பலர் உடனே தரும் விடை. வாரத்தில் உள்ளவை 168 மணி நேரம்; அவற்றுள் ஞாயிறு பள்ளிக்கு உரியது ஒன்று. அந்த ஒரு மணியையும் தேர்வுக்காலத் தனிப்பயிற்சி வகுப்புகள் பறித்துக்கொள்வதை ஆயர்கள் அறிவர்.

அண்டை வீட்டாரின் பிள்ளைகள் தம் சமயத்தை எவ்வாறு கற்கின்றனர் என்பதையும் நோக்குவோம். அவர்களுக்கு ஞாயிறு பள்ளி இல்லை, பாடநூல் இல்லை, திடப்படுத்தல் வகுப்பும் இல்லை. பாட்டி விளக்கில் எண்ணெய் ஊற்றும்போது பேத்தி திரியை நீட்டுகிறாள், அவ்வளவே. ஆசிரமத்தினுள்ளும் இதே முறைமையைக் காணலாம். காலையிலும் மாலையிலும் குறித்த வேளையில் வேத பாராயணமும், அந்தியில் தமிழ்ப் பாராயணமும் அங்கு நடைபெறுகின்றன. வருவோரை ஈர்க்கும் சொற்பொழிவு ஏதுமில்லை. நேற்று நடந்ததே இன்றும் நடக்கிறது. சொற்பொழிவுகளிலும் சிறப்புக் கூட்டங்களிலும் பெருநம்பிக்கை வைத்துள்ள நாம், இதனைக் கருத்தூன்றிக் காணுதல் நன்று.

இவ்விடத்தின் வரலாற்றிலேயே நம் பொருளுக்கு நெருங்கிய செய்தி ஒன்றும் உண்டு. பின்னாளில் ரமணர் என அறியப்பட்ட வேங்கடராமன் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர். தந்தை இறந்தபின் மதுரையில் சிற்றப்பனார் வீட்டில் வளர்ந்து, ஸ்காட் நடுநிலைப்பள்ளியிலும் பின்னர் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளியிலும் பயின்றார். அதாவது, நம் மிஷனரிமாரின் வகுப்பறையில் திருமறைப் பாடம் கேட்டவர் அவர். அப்பாடம் வீணாயிற்று என்று சொல்வதற்கில்லை. மோசேக்கு வெளிப்படுத்தப்பட்ட இறைப்பெயரையும் (யாத். 3:14), அமர்ந்திருந்து இறைவனை அறியும்படி கூறும் 46-ஆம் சங்கீதத்தையும் பிற்காலத்தில் அவர் பன்முறை எடுத்தாண்டிருக்கிறார். ஆயினும் அச்சிறுவனின் உள்ளத்தைக் கிளர்ந்தெழச் செய்த நூல் பெரிய புராணம். சிற்றப்பனார் இரவல் வாங்கி வந்து வீட்டில் வைத்திருந்த படி அது; பையன் தானாக எடுத்து வாசித்தான். அதற்குச் சற்று முன்னர், வீட்டுக்கு வந்த முதிய உறவினர் ஒருவர் தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகக் கூறிய ஒரு சொல் அவன் நெஞ்சில் தங்கியிருந்தது. 1896 செப்டம்பர் முதல் நாளன்று அவன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை அவ்வூரைவிட்டு அவர் நீங்கவில்லை.

ஒருவரது அகவாழ்வை நம் வாதத்துக்குக் கருவியாக்குதல் முறையன்று. ஒரே ஒரு வாழ்விலிருந்து பொதுவிதி வகுத்தலும் தகாது. எனினும் கல்விப்பணியில் ஈடுபட்டுள்ள நமக்கு இச்செய்தி ஒன்றை உணர்த்தாமல் விடுவதில்லை. திருமறை அச்சிறுவனுக்குப் பள்ளிப் பாடமாக, அட்டவணையில் ஒரு மணி நேரமாக வந்தது. மற்ற நூலோ வீட்டு அலமாரியிலிருந்து, உறவினரின் பேச்சோடு கலந்து வந்தது. இன்று நம் பிள்ளைகளுள் பலருக்குத் திருமறை எந்த வழியில் வருகிறது? கிறிஸ்தவ வீட்டில் பிறந்தும், அதனைப் பாடமாக மட்டுமே அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? (ரமணாசிரமம் எழுந்ததே அவருடைய தாய் அழகம்மாளின் சமாதியைச் சுற்றித்தான். 1922-இல் அத்தாய் இறந்தார். வீட்டைத் துறந்து வந்தவரின் இருப்பிடமும் ஒரு தாயின் நினைவிடத்தையே நடுவாகக் கொண்டது என்பது எண்ணத்தக்கது.)

சாது சுந்தர் சிங்கின் இளமையும் இத்தகையதே. 1889-இல் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு, காலையில் எழுந்ததும் சமயநூல் வாசித்து வேண்டிய பின்னரே உணவு என்பதைத் தாய் வழக்கமாக்கியிருந்தார். தம்மைக் கிறிஸ்தவனாக்கியது தூய ஆவியானவர், ஆனால் சாதுவாக்கியது தம் தாயே என்னும் கருத்தை அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அத்தாய் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் பசியைவிட இறைவன் முந்தியவர் என்பதை மகனின் உடலுக்கே பழக்கிவிட்டார். அப்பழக்கம் கிறிஸ்துவைக் கண்டபின்னும் மகனைவிட்டு நீங்கவில்லை.

வழக்கம் முந்தி, விளக்கம் பிந்தி

திருமறை இது பற்றிக் கூறுவதென்ன? உபாகமம் ஆறாம் அதிகாரம் நாம் அடிக்கடி பிரசங்கிக்கும் பகுதி. அதில் குறிக்கப்பட்டுள்ள இடங்களையும் வேளைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் உட்கார்ந்திருக்கும் வேளை, வழியில் நடக்கும் வேளை, படுக்கும் வேளை, எழும் வேளை என நான்கு. ஆசரிப்புக் கூடாரம் அப்பட்டியலில் இல்லை. ஆசாரியனும் இல்லை. எழுதிவைக்கும்படி சொல்லப்பட்ட இடங்கள் வீட்டின் நிலைக்காலும் வாசலுமே.

இதனினும் நுட்பமானது கேள்வி பிறக்கும் முறை. பஸ்கா ஆசரிப்பைப் பார்த்த பிள்ளை, இதன் பொருள் என்னவென்று கேட்பான் என்கிறது யாத்திராகமம் (12:26). கட்டளைகளின் பொருளை மகன் கேட்கும் நாள் வரும் என்கிறது உபாகமம் (6:20). யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களைப் பார்த்துப் பிள்ளைகள் வினவுவர் என்கிறது யோசுவாவின் நூல் (4:6). மூன்றிடத்தும் ஒழுங்கு ஒன்றே. முதலில் பெற்றோரின் செயல், அடுத்துப் பிள்ளையின் கேள்வி, அதன்பின் விளக்கம். நம் கிறிஸ்தவக் கல்வியோ இவ்வொழுங்கைத் தலைகீழாக்கிவிட்டது. பிள்ளை கேளாத கேள்விக்கு நாம் விடை எழுதி மனனம் செய்விக்கிறோம். வீட்டில் எதுவும் செய்யப்படாமையால் கேட்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. மேசையின்மேல் கசப்பான கீரை இருந்தாலன்றோ, இது ஏன் இங்கிருக்கிறது என்று பிள்ளை கேட்கும்!

கி.பி. 70-இல் எருசலேம் தேவாலயம் இடிக்கப்பட்டபின், பலியும் ஆசாரியத்துவமும் அற்ற நிலையில், யூத மக்கள் நூற்றாண்டுகளாகப் பிறர் நடுவே சிறுபான்மையினராய் வாழ்ந்தனர். அவர்தம் விசுவாசத்தைக் காத்தவற்றுள் ஜெப ஆலயத்தோடு வைத்து எண்ணத்தக்கது உணவு மேசை. வெள்ளி மாலையில் தாய் ஏற்றும் விளக்கும், பஸ்கா இரவில் வீட்டின் கடைக்குட்டி கேட்கும் கேள்விகளும் இன்றளவும் தொடர்கின்றன. பெருந்திரளின் நடுவே சிறு மந்தையாய் வாழும் நம் மக்களுக்கு இதில் கற்பதற்கு நிரம்ப உண்டு.

தீமோத்தேயுவின் வீடு நமக்கு இன்னும் நெருக்கமானது. தாய் யூதப்பெண், தகப்பன் கிரேக்கன் (அப். 16:1). அவனுக்கு விருத்தசேதனமும் செய்யப்பட்டிருக்கவில்லை என்பதிலிருந்து, அவ்வீட்டில் தாயின் சமயத்துக்கு இருந்த இடம் வரம்புக்குட்பட்டதென ஊகிக்கலாம். ஆயினும் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவனிடமும் வந்தது. அவன் வேத எழுத்துக்களை அறிந்த பருவத்தைச் சுட்டப் பவுல் ஆளும் கிரேக்கச் சொல் பச்சிளங் குழந்தையைக் குறிப்பது (2 தீமோ. 3:15). எழுத்தறியாக் குழந்தை எழுத்துக்களை அறிந்தது எப்படி? மடியிலும் தாலாட்டிலும் என்றே கொள்ள வேண்டும். நம் சபைகளில் கணவனோ மனைவியோ வேற்றுச் சமயத்தவராய் இருக்கும் வீடுகள் பெருகிவருகின்றன. அவ்வீடுகளைப் பதிவேட்டில் ஒரு குறியிட்டு ஒதுக்கிவைக்கும் ஆயர்கள், ஐனிக்கேயாளின் வீட்டுக்கு என்ன குறி இடுவர் என்று அறிய விரும்புகிறோம். அத்தகைய வீட்டில் சண்டைக்கு இடமின்றிச் செய்யத்தக்க ஒன்றிரண்டு வழக்கங்களைத் தாய்க்குக் காட்டிக்கொடுப்பதே ஆயரின் கடமை. உறங்கும் பிள்ளையின் நெற்றியில் கைவைத்து ஒரு வாக்கியம் வேண்டுவதை எக்கணவனும் தடுப்பதில்லை.

சுவரிலிருந்து வகுப்பறைக்கு

திருவண்ணாமலைப் பகுதியில் நற்செய்திப் பணி செய்தது டேனிஷ் மிஷன். அப்பணியின் கனியே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. நகரில் டேனிஷ் மிஷன் பள்ளியின் பெயரை அறியாதார் இரார். ஆகவே லுத்தரின் சிறிய ஞானோபதேசம் இங்குள்ள சபைக்குத் தாய்ப்பால் போன்றது. அந்நூல் பிறந்த வரலாற்றை நாம் மறந்துவிட்டோம். 1528-இல் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடச் சென்ற லுத்தர், கிராமத்து மக்களின் அறியாமையையும் போதகர் பலரின் திறமையின்மையையும் கண்டு வருந்தினார். அதன் விளைவாக 1529-இல் வெளிவந்த ஞானோபதேசத்தின் பகுதிகள், முதலில் நூலாக வரவில்லை. சுவரில் தொங்கவிடும் பெரிய தாள்களாக அச்சிடப்பட்டன. அவற்றின் தலைப்புகள், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாய்க் கற்பிக்க வேண்டிய முறை இதுவெனக் கூறின. கற்பனைகள், விசுவாசப்பிரமாணம், பரமண்டல ஜெபம் ஆகியவற்றின் விளக்கங்களோடு காலை ஜெபம், மாலை ஜெபம், உணவுக்கு முன்னும் பின்னும் சொல்லும் ஜெபம் என்பனவும் அதில் இடம்பெற்றன. அதாவது, அடுப்பங்கரைக்கும் படுக்கைக்கும் அருகே இருப்பதற்கென்றே எழுதப்பட்ட நூல் அது.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் அதனைத் தமிழாக்கினார். அன்றுமுதல் அது தமிழ் வீடுகளுக்கும் உரியதாயிற்று. இன்று அது எங்கே உள்ளது? திடப்படுத்தல் வகுப்பில். பதினான்கு வயதுப் பையன் சில வாரங்களில் ஒப்பித்து முடிக்கும் பாடமாக அது சுருங்கிவிட்டது. காலை ஜெபத்தையும் மாலை ஜெபத்தையும் எத்தனை ஆயர்கள் அவ்வகுப்பிலேனும் கற்பிக்கின்றனர் எனக் கேட்டால், விடை மகிழத்தக்கதாய் இராது. தேர்வுக்கு வராத பகுதி என்று அவை விடப்படுகின்றன. நூலாசிரியரோ அவற்றை நாள்தோறும் வாழ்வில் செய்ய வேண்டியவையாக வைத்தார்.

ஒரு சிறுமியின் கேள்வி

ஆசிரமத்துக்குப் பின்புறத் தெரு ஒன்றில் நாம் சந்தித்த குடும்பத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பக்கத்து வீட்டுத் தோழியோடு அந்திவரை விளையாடுவது அவள் வழக்கம். விளக்கேற்றும் வேளை வந்ததும் தோழி உள்ளே அழைக்கப்படுவாள். ஒருநாள் அச்சிறுமி தகப்பனாரிடம், “அவங்க வீட்ல தெனமும் விளக்கு ஏத்துறாங்க. நம்ம வீட்ல என்னப்பா பண்றோம்?” என்று கேட்டாள். “நாம ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறோம்லம்மா” என்றார் அவர். “அது ஞாயித்துக்கிழமை. இன்னிக்கு?” என்றாள் பிள்ளை. தந்தையார் இதனை நம்மிடம் சொன்னபோது நகைத்துக்கொண்டே சொன்னார். ஆனால் அக்கேள்வி அவரை விடவில்லை என்பது தெரிந்தது.

அவ்வீட்டார் பின்னர் மேற்கொண்டது மிக எளிய வழக்கம். அந்தியில் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு பாய் விரிக்கப்படும். மாற்கு எழுதிய நற்செய்தியிலிருந்து நான்கைந்து வசனங்களைத் தாய் வாசிப்பார். ஒரு கீர்த்தனையின் பல்லவியும் ஒரு சரணமும் பாடப்படும். அன்று நடந்தவற்றுள் ஒன்றைச் சொல்லிப் பிள்ளை நன்றி கூறும். பரமண்டல ஜெபத்தோடு முடிந்துவிடும். முழுவதற்கும் ஐந்து அல்லது ஆறு நிமிடம். சில திங்கள் கழித்து நாம் சென்றபோது, பாயை எடுத்து விரிப்பது தனக்குரிய வேலை என்று அச்சிறுமி தம்பியோடு வழக்காடிக்கொண்டிருந்தாள். திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இறக்கிய பகுதியைக் கேட்ட மாலையில், பிய்த்த கூரையை யார் சரிசெய்தார்கள் என்றும் கேட்டாளாம். நம் விளக்கவுரைகளில் அதற்கு விடை தேடிப் பார்த்தோம், இல்லை.

குடும்ப ஜெபம் நம் மக்களுக்குப் புதிதன்று. அது அற்றுப்போனதற்குத் தொடர்நாடகங்களையும் கைப்பேசியையும் மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. அவை வருமுன்னரே அதன் நீளம் அதனைக் கொல்லத் தொடங்கிவிட்டது. தகப்பனார் தம் ஜெபத்தில் உலக நாடுகளையெல்லாம் சுற்றிவந்து, ஆட்சியாளரையும் மிஷனரிமாரையும் நோயாளரையும் நினைவுகூர்ந்து வீடு திரும்புமுன் பிள்ளைகள் உறங்கிவிடுவர். உறங்கியதற்காக அடி விழும். ஜெபத்தோடு அடியைச் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும் பிள்ளை, தன் காலம் வந்ததும் இரண்டையும் ஒருங்கே கைவிடுகிறது. நீண்டதாய், எப்போதோ ஒருமுறை நடப்பதைவிடக் குறுகியதாய் நாள்தோறும் நடப்பது மேல். ஒருநாள் தவறினால் அதற்கென அழுது புலம்பாமல் மறுநாள் தொடர்வதே முறை.

வேறு வழக்கங்களும் உள. அவற்றுள் பிடியரிசியை முதலில் சொல்வோம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டு, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவருவது நம் பாட்டிமார் அறிந்த காணிக்கை. மிசோரம் சபைகளில் இதே வழக்கம் 1910-ஆம் ஆண்டுவாக்கில் பெண்களால் தொடங்கப்பெற்று, இன்றும் திருப்பணியைத் தாங்கும் தூண்களுள் ஒன்றாய் நிற்கிறது. நம்மிடையே காணிக்கை உறையும் வங்கி வழிப் பணம் செலுத்துதலும் வந்தபின் கலயம் மறைந்துவிட்டது. கணக்குக்கு அது எளிதுதான். ஆயின் தந்தையின் வங்கிக் கணக்கிலிருந்து செல்லும் தசமபாகத்தைப் பிள்ளை காண்பதில்லை. தன் சிறு கையால் அள்ளி இட்ட அரிசியை மறப்பதுமில்லை. அது ஏன் தனியே போகிறது என்று கேட்கும். பசித்தவரைப் பற்றி அப்போது பேசலாம். உணவுக்குமுன் செய்யும் ஜெபத்தில் சமைத்தவரின் பெயரையும் சொல்லும் வழக்கம் ஒரு வீட்டில் உண்டு. பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் தலையில் கைவைத்து ஆசி கூறுவது மற்றொன்று. இவற்றுக்குச் செலவில்லை, இறையியற் பட்டமும் வேண்டியதில்லை.

வழக்கங்கள் நற்செய்தியை மட்டுமே கற்பிக்கும் என எண்ணிவிடலாகாது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கென்று அடுப்படியில் தனித் தம்ளர் கவிழ்த்துவைக்கப்பட்டிருக்கும் கிறிஸ்தவ வீடுகள் உண்டென்பதை ஆயர்கள் அறிவர். யாரும் பிள்ளைக்கு அதனை விளக்குவதில்லை. விளக்கம் வேண்டாமலே அது கற்றுக்கொள்கிறது. பின்னர் ஞாயிறு பள்ளியில் நல்ல சமாரியன் கதைக்குச் சரியான விடை எழுதிப் பரிசும் பெறுகிறது. சாதி வேற்றுமை பற்றிய கருத்து மாறுபாட்டினாலேயே கார்ல் ஓக்ஸ் என்னும் மிஷனரி லைப்சிக் மிஷனைவிட்டு விலகினார். 1860-களில் டேனிஷ் மிஷனின் பணி இந்நாட்டில் தொடங்கியது அவர் வழியாகவே. அவ்வழிவந்த திருச்சபையின் வீடுகளிலேனும் அத்தம்ளரைப் பற்றிய கேள்வியைப் பிள்ளை கேட்குமுன் ஆயர் கேட்க வேண்டும். ஐந்து நிமிட அந்தி ஜெபத்தை அந்த ஒரு தம்ளர் பொய்யாக்கிவிடும். குடும்ப ஜெபத்தை வற்புறுத்தி இது பற்றி வாய்திறவாத பிரசங்கம் பாதிப் பிரசங்கமே.

அண்டை வீட்டாரின் வழிபாட்டைக் குறித்துப் பெற்றோர் பிள்ளைகளிடம் பேசும் முறையும் இத்துடன் தொடர்புடையது. கிரிவல நாட்களில் சன்னல்களை அடைத்துக்கொண்டு, வெளியே நடப்பதெல்லாம் பிசாசின் வேலை என்று பிள்ளைகளை அச்சுறுத்தும் வீடுகள் உள்ளன. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லித் தம் வழக்கம் எதையும் கைக்கொள்ளாத வீடுகளும் உள்ளன. முதலாவது வீட்டின் பிள்ளை அஞ்சி வளர்ந்து, ஒருநாள் அச்சம் தெளிந்ததும் விசுவாசத்தையும் அதனோடு விட்டுவிடுகிறது. இரண்டாவது வீட்டின் பிள்ளைக்கு விடுவதற்கே ஒன்றுமில்லை. தன் வீட்டில் செய்யப்படுவது இன்னது, அதன் பொருள் இன்னது என்று அறிந்த பிள்ளை, தோழியின் வீட்டு விளக்கை இகழவும் வேண்டியதில்லை. அதன்முன் தடுமாறவும் வேண்டியதில்லை. தோழி கொடுக்கும் பிரசாதத்தை உண்ணலாமா என்பதில் குடும்பங்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1 கொரிந்தியர் எட்டாம், பத்தாம் அதிகாரங்களை வாசித்துப் பெற்றோர் ஒரு முடிவுக்கு வரட்டும். எம்முடிவாயினும், கொடுத்த கையை அவமதிக்கப் பிள்ளைக்குக் கற்பிக்கலாகாது.

இவ்வாறெல்லாம் பழக்கத்தை வற்புறுத்துவது மனந்திரும்புதலின் தேவையைக் குறைப்பதாகாதா என்று நம் மாணவர் சிலர் வினவக்கூடும். இரட்சிக்கப்பட்ட நாளையும் மணியையும் கேட்கும் எழுப்புதல் கூட்டங்களில் வளர்ந்தவர்க்கு இவ்வையம் இயல்பே. அமெரிக்க நாட்டில் இதே வாதம் எழுந்த காலத்தில், 1847-இல் ஹொரேஸ் புஷ்னெல் கிறிஸ்தவ வளர்ப்பு பற்றிய தம் நூலை எழுதினார். தன்னைக் கிறிஸ்தவனல்லாதவனாக ஒருபோதும் அறிந்திராமலே பிள்ளை வளரக் கூடும், வளரவும் வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் மனிதனின் பாவத்தன்மையைக் குறைத்து மதிப்பிட்டார் என்னும் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. வீட்டு வழக்கம் எதுவும் தூய ஆவியானவரின் செயலுக்கு ஈடாகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் தீமோத்தேயு மனந்திரும்பிய நாளைப் பவுல் எங்கும் குறிப்பிடவில்லை. பாட்டியின் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார். தேதி சொல்ல இயலாத பிள்ளைகளை ஐயத்தோடு நோக்கும் வழக்கத்தை நம் சபைகள் விட்டுவிடுதல் நலம்.

இனி ஆயரின் பங்கு. திருமுழுக்கின்போது பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் வாக்குறுதி வாங்குகிறோம். அதன்பின் அவ்வாக்குறுதியைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறையேனும் விசாரிக்கிறோமா? நம் வீட்டுச் சந்திப்புகளின் முறையும் மாற வேண்டும். ஆயர் நுழைந்தவுடன் தொலைக்காட்சி அணைக்கப்படுகிறது, நாற்காலி துடைக்கப்படுகிறது, தேநீர் வருகிறது. இறுதியில், “ஐயா, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க” என்கின்றனர். ஆயர் அழகுறச் செய்த ஜெபத்தைக் கேட்டவர்கள், இது நம்மால் ஆகாது என்று மனத்துள் தீர்மானித்துக்கொள்கின்றனர். வீட்டாரின் பணியை ஆயரே அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டதாகிறது. இதற்கு மாறாக, வழக்கமாக அவர்கள் ஜெபிக்கும் நேரத்தைக் கேட்டறிந்து, அவ்வேளையில் சென்று பாயில் ஒருவராய் அமர்ந்து, வாசிப்பதையும் ஜெபிப்பதையும் அவர்களிடமே விட்டுவிடலாம். முதல் முறை கூச்சமிருக்கும். பாட்டி தொடங்கிவிட்டால் பிறகு எளிது. களப்பணிக்குச் செல்லும் மாணவர்களுக்கு இதனைத் தனிப் பயிற்சியாகவே கொடுக்கலாம். வாய்மூடி அமர்ந்திருப்பது அவர்களுக்கும் புதிய பயிற்சியாய் இருக்கும்.

அந்தி வேளை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. விடுதிகளின் சமையற்கட்டில் வேலை செய்யும் தாய் ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்புகிறாள். முழுநிலா நாட்களில் இப்பகுதியில் ஆட்டோ ஓட்டுவோர்க்கு இரவெல்லாம் வேலை. அத்தகைய தகப்பனார் ஒருவர் காலை வேளையைத் தெரிந்துகொண்டார். தம் பிள்ளைகள் இருவரையும் ஆட்டோவில் பள்ளிக்கு அழைத்துச் செல்கையில், சாலைக்கு ஏறுமுன் மகள் ஒரு வசனம் சொல்கிறாள். வண்டி ஓடும்போது மூவரும் ஒரு பாட்டுப் பாடுகின்றனர். பள்ளி வாசலில் இறக்கிவிடுமுன் பரமண்டல ஜெபம். செங்கம் சாலையில் நெரிசல் மிகுந்த நாட்களில் இரண்டாவது பாட்டுக்கும் நேரம் கிடைக்கிறது என்றார் அவர்.